பத்தடி தூரத்தில் சீமாட்டி

அன்று காலை கழுகு பறக்கவில்லை. அது தனக்குக் கிடைத்த பெரிய பரிசு என்று ஷாரி நினைத்தாள்.

நவம்பர் பதினொன்றில் வரும் மார்த்தோன் திருநாளுக்கு வாத்து தின்று பத்து நாள் ஆகியிருந்தது. கொக்குகள் கடைசிக் கூட்டம் வரை தெற்கே போய்விட்டன. மீன் பண்ணைக்காரர்கள் குளங்களை வடித்து, கெண்டைகளை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போன பிறகு, மிச்சம் இருந்தது சேறும் நாணலும்தான். முந்தின ராத்திரி முதல் கடுங்குளிர் இறங்கியிருந்தது. நாணல் காடு முழுவதும் வெள்ளை பூத்து நின்றது.

வழக்கமாக இருட்டு பிரிவதற்குள் ஷாரி தன் மறைகுடிலுக்குள் போய்விடுவாள். பலகையால் அடித்த சின்ன அறை அது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்கு எதிரே ஒரு மேடு. அந்த மேட்டில் தீனி. உள்ளே போய்விட்டால் பொழுது சாயும்வரை இருமலைக்கூட மென்று முழுங்க வேண்டும். ஒன்பது குளிர்காலம் அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து, நாற்பத்தாறு வயதிலேயே இடுப்பு அறுபதைத் தாண்டிவிட்டது.

எல்லாம் சீமாட்டிக்காக. வெள்ளைவால் கழுகுகளில் மூத்தவள். இடது காலில் வளையம், மஞ்சள் அலகு, பிரித்தால் ஒரு வாசலை அடைக்கும் இறக்கை. அவள் வந்து இறங்கினால் மற்ற கழுகுகள் தீனியை விட்டு நகர்ந்து நிற்கும். அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் ஷாரி அந்தப் பெயரை வைத்தாள். ஆனால் இருநூறு மீட்டருக்கு அப்பால் மனித நடமாட்டம் தெரிந்தால் போதும், சீமாட்டி எழும்பிப் போய்விடுவாள். ஷாரி அவளைக் கண்ணாடி இல்லாமல் பார்த்ததே இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நடுவில் எதுவும் இல்லாமல் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்றா சொன்னேன்? பைத்தியம் என்றே சொல்லலாம்.

அன்றைக்குக் கார் குளிரில் கிளம்ப மறுத்து அடம்பிடித்ததால் அவள் வந்து சேரும்போது நன்றாக விடிந்துவிட்டது. இனி குடிலுக்குள் போய்ப் பயனில்லை என்று கரை மேல் சும்மா நடந்தாள். வளைவு திரும்பியதும் சீமாட்டி கரையிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஷாரி அப்படியே குப்புறப் படுத்தாள். கழுகு பறக்கவில்லை. முழங்கையால் ஊர்ந்தாள். அப்போதும் பறக்கவில்லை. நூறு அடி, ஐம்பது அடி, முப்பது. கடைசியில் பத்தடி.

இறக்கைகள் இரண்டும் லேசாகத் தொங்கியிருந்தன. தலை குனிந்திருந்தது. முதுகு இறகுகளில் உறைபனி படிந்து, ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் வெள்ளி இழை வைத்துத் தைத்த மாதிரி மின்னியது. கழுகு ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது. ஷாரி எடுத்தாள், எடுத்தாள், விரல் மரத்துப் போகும்வரை எடுத்தாள். நானூறு படத்துக்கு மேல் இருக்கும்.

"ஒன்பது வருஷம்டி," என்றாள் காற்றோடு காற்றாக. "ஒருவழியா என்னை நம்பிட்டியா?"

அவளுக்கு அழுகை வந்தது. கழுகைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, வந்த மாதிரியே பின்னால் ஊர்ந்து விலகினாள். அந்தப் பெருந்தன்மையை நினைத்துத் தன்னையே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

அன்று மதியம் அண்ணன் லெஹெல் வந்தான். வேட்டைக்காரன், வட்டார வேட்டைச் சங்கத்தின் தலைவன். தொப்பியில் எப்போதும் ஒரு ஓக் இலைக்கொத்து செருகியிருக்கும். சுட்ட மானைக் கிழித்த பிறகு குடலையும் ஈரலையும் வாளியில் போட்டுச் சனிக்கிழமைதோறும் தங்கைக்குக் கொண்டுவந்து கொடுப்பான். அதுதான் குடிலுக்கு முன்னால் கழுகுகளுக்குத் தீனி. பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியை வெங்காயத்தோடு கடித்துக்கொண்டே அவன் படத்தைப் பார்த்தான்.

"என்னா புள்ள இது, கல்யாணப் பொண்ணு மாதிரி தலையைக் குனிஞ்சு நிக்குது?"

"பத்தடிண்ணே. பத்தே அடி. நகரவே இல்ல."

"உன் பிடிவாதத்தைப் பார்த்து அதுவும் எத்தனை வருஷம்தான் ஓடும்? போதும்டா சாமின்னு சரணடைஞ்சிருக்கும். உன் புருஷனும் இப்படித்தானே கல்யாணத்துக்குச் சம்மதிச்சான்."

ஷாரி ரொட்டிக்கத்தியால் அவன் கையில் தட்டினாள். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்று மாலையே 'நம்பிக்கை' என்று தலைப்பு வைத்துப் படத்தை இணையத்தில் போட்டாள். பாராட்டு கொட்டியது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் 'கண் கலங்கிவிட்டது' என்று எழுதினார்கள். அவளுக்கும் கலங்கியது. படம் எடுக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. தங்கள் கண் கலங்கிவிட்டால் எதிரே இருப்பதை முழுசாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் காலை எனிகோ போன் செய்தாள். ஷாரியோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். நலம்கூட விசாரிக்கவில்லை.

"அந்தப் படத்தை என்னைக்கு எடுத்தே?"

"வியாழக்கிழமை. நல்லாருக்கா?"

"ஷாரி, வாலுக்குக் கீழ பாரு. பச்சையா கறை இருக்கா?"

ஷாரி படத்தைப் பெரிதாக்கினாள். இருந்தது. பாசி ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, அதை அழித்துவிடலாமா என்றுகூட யோசித்திருந்தாள்.

"இருக்கு."

"ரெக்கை தொங்குது. தலையைத் தூக்க முடியல. முதுகுல உறைபனி படிஞ்சிருக்குன்னா ராத்திரி பூரா அதே இடத்துல நின்னிருக்கு. சிலுப்பி உதறக்கூட தெம்பு இல்ல. அது உன்னை நம்பலடி. அதால பறக்க முடியல." எனிகோவின் குரல் இறங்கியது. "நீ அதைப் பத்தடியில வெச்சு எவ்வளவு நேரம் படம் எடுத்தே?"

"ஒரு மணி நேரம்."

"அப்புறம்?"

"அப்புறம்... வந்துட்டேன்."

ஷாரி விரல் விட்டு எண்ணினாள். மூன்று நாள். நடுவில் ஒரு பனிப்பொழிவு வேறு.

"உயிரோட இருந்தா தரையிலதான் இருக்கும்," என்றாள் எனிகோ. "நரி கண்ணுல படுறதுக்கு முன்னாடி தேடிக் கொண்டா."

லெஹெல் தன் நாய் மோர்ஜாவோடு உடனே வந்துவிட்டான். அதைச் சொல்லத்தான் வேண்டும். கேலி ஒன்றும் பேசாமல், தங்கை முகத்தைப் பார்த்ததும் முன்னால் நடக்க ஆரம்பித்தான். கரையில் புதுப் பனி கணுக்கால் வரை கிடந்தது. படம் எடுத்த இடத்தில் ஒன்றும் இல்லை. நாணலுக்குள் இறங்கினார்கள். மெல்லிய பனிக்கட்டி உடைந்து ஷாரியின் பூட்சுக்குள் தண்ணீர் ஏறியது. மதியம் வரை தேடினார்கள். ஒரு இடத்தில் நரித்தடம் வட்டமாகச் சுற்றியிருந்ததைப் பார்த்து அவள் நின்றுவிட்டாள்.

"நில்லாத, வா," என்றான் லெஹெல். "நரி சுத்திச் சுத்தி வந்திருக்குன்னா இன்னும் பயந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். செத்திருந்தா சுத்தாது, இழுத்துட்டுப் போயிருக்கும்."

இருபது அடி தள்ளி நாணல் வேர்களுக்கு நடுவே சீமாட்டி கிடந்தாள். லெஹெல் தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டான்.

"பார்த்துண்ணே, நகம்! எலும்பு வரைக்கும் இறங்கிடும்!"

நகம் எங்கே இறங்குவது? இரண்டு கால்களும் முஷ்டி மாதிரி மூடி இறுகிக் கிடந்தன. கழுகு எதிர்க்கவே இல்லை. லெஹெல் கோட்டோடு அள்ளித் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். காட்டுப்பன்றியைத் தோளில் சுமந்து வருகிறவன், அந்தச் சுமையை வைத்துக்கொண்டு திகைத்துப் போய் நின்றான்.

"கனமே இல்ல, ஷாரி," என்றான். "வெறும் இறகுதான் இருக்கு."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எனிகோ படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் வயிற்றுப் பக்கம் காட்டினாள். கறுப்பில் வெள்ளைப் பொட்டுகள். நாலு பெரிசு, மற்றது மணல் மாதிரி.

"ஈயம். துப்பாக்கிக் குண்டு மானுக்குள்ள போனதும் தூள் தூளா சிதறும். இது குடலையோ ஈரலையோ தின்னிருக்கு, அதோட தூளும் உள்ள போயிருக்கு. ஒரு கடுகு அளவு போதும். கண்ணு மங்கும், ரெக்கை விழும், கடைசியில மூச்சும் நின்னுடும்."

லெஹெல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். போன வசந்தத்தில் சங்கக் கூட்டத்தில், ஈயக் குண்டை விட்டுவிடலாமா என்று யாரோ கேட்டபோது, எழுந்து நின்று 'நம்ம குண்டால ஒரு குருவிகூடச் செத்ததில்லை' என்று மேசையைத் தட்டியவன் அவன்தான். அத்தனை பேரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் அவனுக்கு இரண்டாம் முறையும் தலைவர் பதவி வந்தது.

"காட்டுல பத்து பேர் சுடறாங்க," என்றான் அவன், யாரும் கேட்காமலே. "குடலை அங்கங்க போட்டுட்டுத்தான் போறாங்க."

"யாரு சுட்டாங்கன்னு நான் கேக்கலண்ணே," என்றாள் எனிகோ. "எங்க தின்னுச்சுன்னுதான் கேக்கறேன். அந்த இடத்துல இப்பவும் மத்ததுங்க தின்னுக்கிட்டிருக்கும். ஷாரி, உன் தீனி எங்கேயிருந்து வருது?"

லெஹெல் தங்கையைப் பார்த்தான். அந்தப் பார்வை போதும். சின்ன வயதில் அப்பாவின் கடிகாரத்தை அவன் உடைத்தபோதும் இப்படித்தான் பார்த்தான். அப்போதும் அவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"பன்னி இறைச்சி. கடையில வாங்கினது," என்றாள் ஷாரி.

சொன்ன வாய் கசந்தது. எனிகோ தலையசைத்துவிட்டு ஊசி போடப் போய்விட்டாள். கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் லெஹெல் வெளியே நடந்தான்.

மறுநாள் விடிந்ததும் ஷாரி தன் படங்களைத் திறந்து உட்கார்ந்தாள். தன் தீனியில்லை, வேறு எங்கோதான் தின்றிருக்கும் என்று தனக்கு ஒரு சாக்கு கிடைக்காதா என்றுதான் தேடினாள். படங்கள் அவளுக்கு எந்தச் சாக்கும் கொடுக்கவில்லை. நவம்பர் மூன்று: சீமாட்டி மேட்டில் நின்று ஈரலைக் கிழிக்கிறாள். ஐந்தாம் தேதி, எட்டாம் தேதி, ஒன்பதாம் தேதி, எல்லாம் அதே மேடு. ஒரு படத்தில் ஈரல் துண்டின் நடுவே குண்டு போன கறுத்த தடம்கூட அத்தனை துல்லியமாக விழுந்திருந்தது. அந்தத் துல்லியத்துக்காகவே அன்று அவள் பெருமைப்பட்டாள்.

பதினான்காம் தேதிக்குப் பிறகு கழுகு சரியாகத் தின்னவில்லை. பதினாறாம் தேதி ஒரு இளங்கழுகு அவளைத் தள்ளிவிட்டுத் தின்கிறது. சீமாட்டி சும்மா நிற்கிறாள். ஷாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. நன்றாக வந்த படங்களுக்கு நட்சத்திரம் போட்டு வைப்பாள். நல்ல உடம்போடு இருந்த நாட்களின் படங்களுக்கு இரண்டு, மூன்று என்று போட்டிருந்தாள். நான்கும் ஐந்தும் விழுந்ததெல்லாம் பதினான்காம் தேதிக்குப் பிறகுதான். பறவை அசையாமல் நின்றதல்லவா, படம் தெளிவாக வந்திருந்தது. அவள் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் பார்த்தாள், இறகு பார்த்தாள், பின்னணியின் நிறம் பார்த்தாள். பறவையைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சனிக்கிழமை கொட்டின வாளி இன்னும் மேட்டில்தான் கிடக்கிறது.

காரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் போய்ச் சேரும்போது மேட்டில் மூன்று கழுகுகள் தின்றுகொண்டிருந்தன. இன்னும் நாலு தள்ளி நின்றன. காலையின் சாய்ந்த வெயில், புதுப்பனி, மூச்சில் எழும் ஆவி. ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு காட்சி அமைந்ததில்லை. ஷாரி கையை வீசிக்கொண்டு, கத்திக்கொண்டு, பனியில் விழுந்து எழுந்து ஓடினாள்.

"போங்க! போய்த் தொலைங்க! திங்காதீங்க!"

ஏழும் எழும்பிப் போயின. உறைந்து மண்ணோடு ஒட்டிக் கிடந்த குடலை வெறுங்கையால் பெயர்த்து வாளியில் போட்டாள். நகம் பிய்ந்தது. கடைசித் துணுக்கு வரை பொறுக்கிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக லெஹெல் வீட்டுக்குப் போனாள். அவன் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"எனிகோகிட்ட போறேன்," என்றாள். "பொய் சொன்னேன்னு சொல்லப் போறேன்."

லெஹெல் கோடாரியை இறக்கவில்லை. "என் பேரைச் சொல்லப் போறே."

"குடில் என்னுது. வெச்சது நான். ஆனா எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேட்டா, இனிமே பன்னின்னு சொல்ல மாட்டேன்."

"நீ கேட்டே, நான் கொடுத்தேன். வாரம் தவறாம கொண்டாந்து கொடுத்தேன். இப்ப நான் கொலைகாரனா?"

"நான்தாண்ணே கேட்டேன். அதைத்தான் சொல்றேன்."

"ஊரே சிரிக்கும் ஷாரி. குருவிகூடச் சாகலன்னு சொன்ன வாய் இது. எவன் முகத்துல நான் முழிப்பேன்?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? ஏழு கழுகு நேத்தும் தின்னுச்சு, இன்னைக்கும் தின்னுச்சு. நேத்து நீ பார்த்த ஒரு பார்வைக்காக நான் வாயை மூடினேன்."

லெஹெல் கோடாரியை மரத்தில் ஓங்கி இறக்கிவிட்டு வீட்டுக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. மோர்ஜா மட்டும் வந்து வாளியை முகர்ந்தது. ஷாரி அதைக் காலால் தள்ளிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

எனிகோ திட்டுவாள் என்று தெரியும். இப்படித் திட்டுவாள் என்று தெரியாது.

"ஒரு நாள் போச்சு," என்றாள் எனிகோ, வாளியைப் பார்த்தபடி. "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே அள்ளியிருக்கலாம். பன்னி இறைச்சியாம், கடையில வாங்கினதாம்! என் முகத்தைப் பார்த்துச் சொன்னியே. எந்தெந்தக் கழுகு தின்னுச்சுன்னு படம் இருக்கா?"

"ஒண்ணு விடாம இருக்கு."

"கொடு. ஒவ்வொண்ணையும் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கணும். தினம் போய்ப் பாரு. எது ஆள் வந்தும் பறக்காம உக்காந்திருக்கோ, அதைத் தூக்கிட்டு வா. படம் எடுத்துட்டு நிக்காத."

ஷாரி அன்றே படங்களை எல்லாம் அவளுக்கு அனுப்பிவைத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் குளக்கரையைச் சுற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஏழு கழுகும் அவளைக் கண்டதும் தூரத்திலேயே எழும்பிப் போயின. ஒவ்வொன்றும் எழும்பும்போது அவளுக்கு மூச்சு வந்தது. முன்பெல்லாம் அதே பறத்தலுக்கு அவள் சபித்திருக்கிறாள். சீமாட்டி மட்டும் எழவில்லை. சின்ன அறையில், வைக்கோல் மேல், இறக்கை தொங்க, தலை குனிய நின்றாள். ஈயத்தை இழுத்து வெளியேற்றும் ஊசி காலையும் மாலையும் போட்டார்கள். குழாய் வழியாக ஊட்டினார்கள். ஷாரி கதவருகே நின்று பார்ப்பாள். அவள் போட்ட படம் அப்படியே உயிரோடு நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இணையத்தில் அந்தப் படத்துக்குக் கீழே உண்மையை எழுதினாள். தலைப்பை எடுத்தாள். பாராட்டினவர்களில் பாதிப் பேர் வைதார்கள். லெஹெல் பேச்சை நிறுத்திவிட்டான்.

ஐந்தாம் நாள் கழுகு குழாயைக் கடித்தது. ஏழாம் நாள் தானாக ஒரு மீன் துண்டு தின்றது.

"பிழைச்சுக்குமா?" என்று ஷாரி கேட்டாள்.

"ஒரு கண்ணு இன்னும் சரியாகல. பறக்குமான்னு என்னைக் கேக்காத, தெரியாது," என்றாள் எனிகோ. பிறகு, கையுறையைக் கழற்றிக்கொண்டே, "உங்கண்ணன் நேத்து போன் பண்ணினார். கோட்டைக் கேப்பாருன்னு நெனச்சேன். தின்னுதான்னு கேட்டார். ஆமான்னேன். வெச்சுட்டார்."

ஒன்பதாம் நாள். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தது. ஷாரி வழக்கம்போல அறைக் கதவைத் திறந்து ஒரு அடி உள்ளே வைத்தாள். கழுகு தலையைத் தூக்கியது. நல்ல கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தது. பிறகு அலகைப் பிளந்து, சீறிக்கொண்டு, இரண்டு இறக்கையையும் அறை கொள்ளாமல் விரித்து அவள் மேல் பாய்ந்தது. ஷாரி கதவில் மோதி விழுந்தாள். நகம் அவள் சட்டைக் கையைக் கிழித்து, முழங்கையில் ரத்தம் வரக் கீறியது.

"அப்படித்தான்டி!" என்று கத்தினாள் ஷாரி. சிரித்தாளா அழுதாளா, அவளுக்கே தெரியவில்லை. "அப்படித்தான்! கிழி! என்னை நம்பாத!"

எனிகோ ஓடி வந்து அவளை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே கழுகு சுவரில் படார் படாரென்று மோதும் சத்தம் நிற்கவில்லை.

"பார்த்தியா, எப்படி எழும்பிடுச்சு!" ஷாரிக்கு மூச்சு வாங்கியது. "எனிகோ, நாளைக்குக் கண்ணாடிச் சன்னல் வழியா மட்டும் பார்த்துக்கறேன். உள்ள போகல."

"நாளைக்கு வராத."

"என்ன?"

"அதுக்கு இப்ப ஆள் தெரியுது. உன் குரல் தெரியுது, உன் காலடி தெரியுது. ஒவ்வொரு தடவை நீ வரும்போதும் இப்படி மோதினா ரெக்கை ஒடிஞ்சுடும். ரெக்கை ஒடிஞ்சா அப்புறம் பிழைச்சும் பிரயோஜனம் இல்ல." எனிகோ அவள் முழங்கையில் துணியை வைத்து அழுத்தினாள். குரல் முன்னைப் போலக் கடுமையாக இல்லை. "குணமானாலும் சரி, ஆகலன்னாலும் சரி. இனிமே நீ அதைப் பார்க்க வேண்டாம், ஷாரி. வெளிய பறக்க விடும்போதும் வராத. நான் போன் பண்ணிச் சொல்றேன்."

"ஆனா..." என்று ஷாரி ஏதோ கேட்க ஆரம்பித்தாள். உள்ளே மறுபடி மோதும் சத்தம் கேட்டது. தன் குரலுக்குத்தான் அது மோதுகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நடைவழி நீளமாக இருந்தது. அவள் காலடி கேட்கும்வரை கழுகு உள்ளே மோதிக்கொண்டே இருந்தது. சீக்கிரம் அடங்கட்டும் என்று ஷாரி பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வெறுங்காலோடு வேகமாக நடந்தாள்.